ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் ஒப்பந்தம் பேசும்போது: புதிதாகச் சேர்ந்தவர் செய்ய வேண்டியவை

2023 மே 1 இரவு. என் சமையலறை மேசையில் லேப்டாப் திறந்து கிடந்தது. ஒரு எபிசோடின் இரண்டாவது வரைவில் இன்னும் எட்டுப் பக்கம் பாக்கி. அப்போது சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: நள்ளிரவோடு ஒப்பந்தம் முடிகிறது, மே 2 முதல் வேலைநிறுத்தம். அந்த எட்டுப் பக்கத்தை எழுதி அனுப்பலாமா, முதல் வரைவுக்கான பணம் வருமா, யாரிடம் கேட்பது என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. உறுப்பினராகி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. பிப்ரவரியிலிருந்து சங்கம் அனுப்பிய மின்னஞ்சல்களை எல்லாம் அப்புறம் படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பதில்கள் அவற்றில்தான் இருந்தன.

வேலைநிறுத்தம் 148 நாள் நடந்தது. அந்த நாட்களில் தட்டுத் தடுமாறிக் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ லாஸ் ஏஞ்சலிஸ் வந்து, முதன்முதலாக ஒரு ரைட்டர்ஸ் ரூமில் (ஒரு தொடரின் எழுத்தாளர்கள் கூடிக் கதை அமைக்கும் அறை) உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் என் மாதிரி அல்லாட வேண்டாம்.

1. யார் யாரோடு பேசுகிறார்கள்

நம் பக்கம் ரைட்டர்ஸ் கில்ட் ஆஃப் அமெரிக்கா. மேற்கு, கிழக்கு என்று இரண்டு தனிச் சங்கங்கள், ஆனால் இந்த ஒப்பந்தத்துக்கு ஒரே குழுவாக உட்காருகின்றன. எதிர்ப்பக்கம் ஏ.எம்.பி.டி.பி. டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸ், வார்னர், யுனிவர்சல், பாரமவுண்ட், சோனி, அமேசான், ஆப்பிள் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பேசும் தயாரிப்பாளர் கூட்டமைப்பு அது. பேசி முடிக்கும் ஆவணத்தின் பெயர் மினிமம் பேசிக் அக்ரிமென்ட். எல்லாரும் எம்.பி.ஏ. என்றே சொல்வார்கள், படிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வழக்கமாக மூன்று வருடத்துக்கு ஒரு தடவை.

உங்கள் தனி ஒப்பந்தத்தை ஏஜென்ட் பேசுவார். அவர் எம்.பி.ஏ.வில் உள்ள தொகைக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், கீழே போக முடியாது. மறு ஒளிபரப்புக்கு வரும் ரெசிடுவல், திரையில் பெயர் போடும் முறை, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் இந்த எம்.பி.ஏ.வில்தான் தீர்மானமாகின்றன.

2. முதலில் உங்கள் உறுப்பினர் நிலையைச் சரிபாருங்கள்

மேற்குச் சங்கத்தில் முழு உறுப்பினராக மூன்று வருடத்துக்குள் 24 யூனிட் (எழுத்து வேலைக்குக் கணக்கிடும் புள்ளி) சேர வேண்டும். முழுநீளப் படத்துக்கு ஒரு திரைக்கதை எழுதினால் 24 யூனிட்டும் ஒரேயடியாகக் கிடைத்துவிடும். வார ஊதியத்தில் ரூமில் வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 2 யூனிட், அதாவது 12 வாரம்.

செலவு: சேரும்போது மேற்கில் 2,500 டாலர், கிழக்கில் 1,500 டாலர். அதன்பின் மேற்கில் எழுத்து வருமானத்தில் 1.5 சதவீதம் சந்தா, கூடவே காலாண்டுக்கு 25 டாலர். வேலை இல்லாத காலாண்டிலும் வருமானம் பூஜ்யம் என்று கணக்குக் காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு, நிலுவை வைத்து, வாக்கு நேரத்தில் திண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாக்குச்சீட்டு மின்னஞ்சலில்தான் வரும். பழைய முகவரியைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

அடுத்து உங்கள் கேப்டன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உறுப்பினர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கேப்டன் இருப்பார். அவரும் நம்மைப் போன்ற எழுத்தாளர்தான். மே 1 இரவு என் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் என் கேப்டன். அவர் பெயரே எனக்கு மே 4-ம் தேதிதான் தெரிந்தது.

3. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யலாம் என்று நினைத்தால், இதைச் செய்யுங்கள்.

ஒரே கோப்புறையில் இவை இருக்கட்டும்: கையெழுத்தான ஒப்பந்தம். அது வரும்வரை டீல் மெமோ, அதாவது பேசி முடித்த முக்கிய நிபந்தனைகளின் சுருக்கக் குறிப்பு. ஒவ்வொரு வரைவையும் எந்தத் தேதியில் ஒப்படைத்தீர்கள் என்று காட்டும் மின்னஞ்சல். இன்வாய்ஸ். சம்பளச் சீட்டு. ரூமில் வேலை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, எத்தனை வாரம், எத்தனை பேர். அப்புறம், 'சின்னதா ஒரு திருத்தம்' என்று பணம் பேசாமல் கேட்டு வாங்கிய வேலைகளின் பட்டியல், தேதியோடு.

இவை உங்கள் பாதுகாப்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தத்தின் பிரதியைச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆயிரக்கணக்கானவர்களின் பிரதிகளும் வருமானக் கணக்கும் சேர்ந்துதான் பேச்சுவார்த்தைக் குழுவின் கையில் ஆதாரமாகின்றன. 2023 மார்ச்சில் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்து வருடத்தில் ரைட்டர்-புரொடியூசர்களின் (எழுதுவதோடு தயாரிப்பாளர் பட்டமும் உள்ளவர்கள்) நடுமட்ட வார ஊதியம் 4 சதவீதம் இறங்கியிருந்தது, விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் 23 சதவீதம். தொடர்களில் எழுதுபவர்களில் குறைந்தபட்ச ஊதியத்துக்கே வேலை செய்பவர்கள் மூன்றில் ஒருவராக இருந்தது, கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர் என்றாகியிருந்தது. மேசையில் உட்கார்ந்து "எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை" என்று சொன்னால் எதிர்ப்பக்கம் தலையாட்டிவிட்டுப் போகும். இந்த எண்களைத் தட்ட முடியாது. நீங்கள் அனுப்பாத ஒப்பந்தம் அந்தக் கணக்கில் இல்லை.

கையெழுத்தான ஒப்பந்தம் என் கைக்கு வருவதற்கு முன்பே ரூம் முடிந்துவிட்டது. ஏஜென்சி அலுவலகத்தில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன், யாரும் பார்க்கவில்லை. முதல் வரைவுக்கான இன்வாய்ஸும் போகவில்லை. வேலைநிறுத்தம் முடிந்த பிறகுதான் பணம் வந்தது, ஐந்து மாத வாடகையை நான் கடன் வாங்கிக் கட்டிய பிறகு.

4. கருத்துக்கணிப்பும் கோரிக்கைப் பட்டியலும்

ஒப்பந்தம் முடியும் தேதிக்குப் பல மாதம் முன்னால் சங்கம் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கும். கேள்வித்தாள் வரும், கூட்டங்கள் நடக்கும். அதிலிருந்து ஒரு கோரிக்கைப் பட்டியல் உருவாகி நம் வாக்குக்கு வரும். பட்டியலில் எண்கள் இருக்காது. 'ஊதியத்தை உயர்த்து', 'ரூமில் ஆள் எண்ணிக்கையைப் பாதுகா' என்கிற மாதிரித் தலைப்புகள்தான். இதென்ன இவ்வளவு மொட்டையாக இருக்கிறது என்று தோன்றும். எதிர்ப்பக்கமும் இதைப் படிக்கும் என்பதால் கையில் இருப்பதை முன்கூட்டியே காட்டுவதில்லை.

கேள்வித்தாளில் கடைசியாக உள்ள, சொந்தமாக எழுதும் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். 'சம்பளம் போதவில்லை' என்று பொதுவாக எழுதுவதைவிட, 'எட்டு வாரம் ரூம், பிறகு படப்பிடிப்புக்கு ஒருவரைக்கூட அழைக்கவில்லை, ஐந்து மாதம் கழித்துத் திருத்தம் மட்டும் கேட்டார்கள்' என்று நடந்ததை எழுதுங்கள். கூட்டத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசினாலும் பரவாயில்லை, பேசுங்கள். புதியவர்கள் படும் பாடு இருபது வருடம் தொழிலில் இருப்பவர்களுக்குப் பல நேரம் தெரியவே தெரியாது.

5. பணம், காப்பீடு, விசா

ஒப்பந்தம் முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே சேமிக்கத் தொடங்குங்கள். எவ்வளவு என்று கேட்டால், ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் என்பேன். 2007-08 வேலைநிறுத்தம் 100 நாள், 2023-ல் 148 நாள். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாளே சம்பளம் வந்துவிடாது, ரூம்கள் மறுபடி கூடுவதற்கே வாரங்கள் பிடிக்கும்.

வேலைநிறுத்த காலத்தில் சங்கம் சம்பளம் தராது. தேவைப்பட்டவர்களுக்குக் கடன் உண்டு, விண்ணப்பமும் வங்கி விவரங்களும் கேட்பார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நெருக்கடி முற்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கலிஃபோர்னியாவில் வேலைநிறுத்தம் செய்பவருக்கு அரசின் வேலையின்மை உதவித்தொகை கிடையாது. அதை மாற்ற 2023-ல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

மருத்துவக் காப்பீடு வருமானத்தோடு கட்டப்பட்டது. நான்கு காலாண்டில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பாதித்தால்தான் அடுத்த காலத்துக்குத் தகுதி. உங்கள் தகுதி எந்தத் தேதியில் முடிகிறது என்று காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல் வைத்தியம், கண்ணாடி, ஒத்திப்போட்ட பரிசோதனை எதுவாக இருந்தாலும் அதற்குள் முடித்துவிடுவது நல்லது.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். ஓ-1 விசாவில் (தனித்திறமை உள்ளவர்களுக்கான தற்காலிக வேலை விசா) இருப்பவர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார் என்பதற்காக மட்டும் அவருடைய குடியேற்ற நிலை பறிபோகாது, விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதைக் காரணம் காட்டித் தங்கும் காலம் நீளாது. காலாவதித் தேதி காலாவதித் தேதிதான். தொழிலாளர் துறை வேலைநிறுத்தத்தை முறைப்படி சான்றளித்துவிட்டால் புதிய ஓ-1 மனுக்களும் நிற்கலாம். வேலை முடிந்துவிட்டது என்று நிறுவனம் சொன்னால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஒப்பந்தம் முடியும் தேதிக்கு நான்கு மாதம் முன்னால் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். என்னோடு இருந்த ஒரு பெங்களூர்ப் பெண் இதை ஜூனில்தான் விசாரிக்க ஆரம்பித்தாள், ஆகஸ்டில் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

6. அறைக்குள் நடப்பது

அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தத்தை மாற்ற விரும்பும் தரப்பு 60 நாள் முன்னால் மறுதரப்புக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அடுத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் மத்தியஸ்த அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். அதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். 2023-ல் பேச்சுவார்த்தை மார்ச் 20-ம் தேதி ஷெர்மன் ஓக்ஸில் உள்ள தயாரிப்பாளர் கூட்டமைப்பின் அலுவலகத்தில் தொடங்கியது. நம் பக்கம் எழுத்தாளர்களே நிறைந்த குழு. பேசியவர் தலைமைப் பேச்சாளர் எல்லன் ஸ்டட்ஸ்மன்.

முழு நேரமும் மேசையில் வாதம் நடக்கும் என்று கற்பனை செய்யாதீர்கள். ஒரு தரப்பு எழுத்தில் கோரிக்கை கொடுக்கும், மறுதரப்பு தனி அறைக்குப் போய்விடும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருந்தால் பதில் வரும். ஒவ்வொரு தாளிலும் ஏதோ ஒரு வரி மாறியிருக்கும். பத்திரிகைகளிடம் பேசுவதில்லை என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்வதால் நமக்கு வரும் மின்னஞ்சலில் 'இன்றும் பேசினோம்' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. அந்த வாரங்களில் வாட்ஸாப்பில் வரும் 'உள்ளே இருந்து வந்த தகவல்' எதையும் நம்ப வேண்டாம்.

ஒன்றை மட்டும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். மே 1 இரவு சங்கம் ஒரு தாளை வெளியிட்டது. இடது பக்கம் நாம் கேட்டது, வலது பக்கம் அவர்கள் சொன்ன பதில். ரூமில் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும் என்ற கோரிக்கைக்கு நேரே: நிராகரித்தார்கள், மாற்றுத் திட்டமும் தரவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கு நேரே: நிராகரித்தார்கள், தொழில்நுட்ப வளர்ச்சி பற்றிப் பேச வருடத்துக்கு ஒரு கூட்டம் போடலாம் என்றார்கள். நாம் கேட்டதன் மொத்த மதிப்பு வருடத்துக்குச் சுமார் 429 மில்லியன் டாலர், அவர்கள் தந்தது 86 மில்லியன். அந்தத் தாளை நான் அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். அடுத்த ஐந்து மாதம் எந்தச் செய்தி வந்தாலும் வலது பக்கத்தில் எந்த வரி மாறியது என்று மட்டும் பார்த்தேன்.

7. வேலைநிறுத்த அனுமதி வாக்கெடுப்பு

அனுமதி கொடுத்தால் நாளைக்கே வேலைநிறுத்தம் என்று பயந்து வாக்களிக்காமல் இருப்பதுதான் புதியவர்களின் பெரிய தவறு. தேவைப்பட்டால் அறிவிக்கும் அதிகாரத்தைத் தலைமைக்குக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். 2017-ல் 96 சதவீதத்துக்கு மேல் அனுமதி கிடைத்தது, வேலைநிறுத்தம் இல்லாமலே ஒப்பந்தம் முடிந்தது. 2023 ஏப்ரலில் 97.85 சதவீதம்: ஆம் 9,020, இல்லை 198. எதிர்ப்பக்கம் இந்த எண்ணையும், எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கும். வாக்களிக்காத ஒவ்வொருவரும் அவர்கள் கணக்கில் நம்பிக்கை தரும் ஒருவர்.

8. கடைசி வாரம்

வேலைநிறுத்த விதிகள் முன்கூட்டியே வரும். முழுதாகப் படியுங்கள். சாரம் இது: வேலைநிறுத்தத்துக்கு உட்பட்ட நிறுவனத்துக்கு எழுதக்கூடாது, திருத்தக்கூடாது, கதை சொல்லக்கூடாது, கதை பற்றிய சந்திப்புக்குப் போகக்கூடாது, ஏஜென்ட் மூலமாகவும் பேரம் பேசக்கூடாது. 'நண்பராக ஒரு காபி' என்று தயாரிப்பாளர் கூப்பிட்டால், கதைப் பேச்சு வந்தவுடன் எழுந்து வந்துவிடுங்கள். இன்னும் உறுப்பினராகாத உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் போய் எழுதிக் கொடுத்தால் பின்னாளில் சங்கத்தில் சேரவே முடியாது. முதல் வாய்ப்பு என்று ஆசை காட்டுவார்கள், இந்த ஆசைக்கு விலை மிக அதிகம்.

அந்த வாரம் செய்ய வேண்டியவை: முடித்த வரைவை ஒப்படைத்து, தேதியோடு மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். அன்றே இன்வாய்ஸ். நிறுவனத்தின் கணினியிலோ அலுவலகத்திலோ இருக்கும் உங்கள் சொந்தக் கோப்புகளை, குறிப்பேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிற்கும் வரைவு நள்ளிரவு தாண்டினால் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும். என் எட்டுப் பக்கம் செப்டம்பர்வரை அப்படியே இருந்தது.

9. மறியல்

தொப்பி, நல்ல காலணி, தண்ணீர். ஸ்டுடியோக்கள் இருக்கும் பர்பேங்க் வெயில் ஜூலையில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குக் குறைந்ததில்லை. நான் உப்புப் போட்ட மோர் கொண்டுபோவேன். இரண்டாவது வாரத்திலிருந்து என் வரிசையில் இருந்த நான்கு பேர் அதைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள், அடுத்த வேலை அவர்களில் ஒருவர் மூலமாகவே எனக்குக் கிடைத்தது. உடம்புக்கு முடியாதவர்கள் தொலைபேசியில் அழைப்பது, பதாகை தயாரிப்பது என்று வேறு பொறுப்பு வாங்கிக்கொள்ளலாம்.

நடுவில் மனம் தளரும் ஒரு கட்டம் வரும். 2023 ஜூனில் இயக்குநர்கள் சங்கம் தனியே உடன்பாட்டுக்கு வந்தது. ஆகஸ்ட் 22-ம் தேதி தயாரிப்பாளர் கூட்டமைப்பு தன் சலுகைகளை நேராகப் பத்திரிகைகளுக்கே வெளியிட்டது. தலைமையைத் தாண்டி உறுப்பினர்களைக் கலைக்கும் முயற்சி அது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. எந்த நிபந்தனையில், எந்த விதிவிலக்கோடு என்பது அதில் இல்லை. அப்படி ஒன்று வந்தால் அன்று மாலை கேப்டனோடு உட்கார்ந்து, குளிர்பதனப் பெட்டித் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

10. உடன்பாடு வந்த பிறகு

செப்டம்பர் 24-ல் தற்காலிக உடன்பாடு. செப்டம்பர் 27 அதிகாலை 12:01-க்கு வேலைநிறுத்தம் விலக்கப்பட்டது. உறுப்பினர் வாக்கெடுப்பு அக்டோபர் 2 முதல் 9 வரை. ஆக, வேலைக்குத் திரும்பிய பிறகுதான் வாக்கு. இதில் பலருக்குக் குழப்பம். வேலை தொடங்கிவிட்டதே, இனி வாக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். ஆம் 8,435, இல்லை 90 என்று முடிந்தது.

வாக்களிக்குமுன் சுருக்கத்தோடு நிறுத்தாமல் உடன்பாட்டு ஆவணத்தையும் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு பிரிவும் எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்பது. ஸ்ட்ரீமிங் போனஸ் வந்தது என்று எல்லாரும் மகிழ்ந்தோம். உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்குச் சமமான பார்வை முதல் 90 நாளில் கிடைத்தால் ஒரு மணி நேர எபிசோடுக்கு 16,415 டாலர். ஆனால் 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் வெளியாகும் படைப்புகளுக்கு மட்டும். அதற்கு முன் வெளியானவற்றுக்குக் கிடையாது.

11. ஒப்பந்தம் கையில், இனி சரிபார்ப்பு

ஏட்டில் ஏறியது தானாகவே சம்பளச் சீட்டுக்கு வந்துவிடாது. 2023 ஒப்பந்தத்தில் பெரும்பாலான குறைந்தபட்சத் தொகைகள் கையெழுத்தானதும் 5 சதவீதம், 2024 மே 2-ல் 4, 2025 மே 2-ல் 3.5 சதவீதம் என்று ஏறின. மே மாதம் வந்தால் சங்கத்தின் ஊதிய அட்டவணையை எடுத்து உங்கள் சீட்டோடு வைத்துப் பாருங்கள். பழைய தொகையே வந்து, நான் மின்னஞ்சல் போட்ட பிறகு திருத்தினார்கள். வேண்டுமென்று செய்தார்களா தெரியாது, கேட்காமல் இருந்திருந்தால் வந்திருக்காது.

ரூமில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தொடருக்கு அனுமதி கிடைத்த பிறகு கூடும் ரூம் என்றால், ஆறு எபிசோட் வரை மூன்று பேர், ஏழு முதல் பன்னிரண்டு வரை ஐந்து, அதற்கு மேல் ஆறு. தொடர் முழுவதையும் ஒருவரே எழுதுவதாக இருந்தால் விதிவிலக்கு உண்டு. கையில் தரப்படும் கதைச் சுருக்கம் இயந்திரம் எழுதியது என்றால் நிறுவனம் அதைச் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சந்தேகம் இருந்தால் ஏஜென்ட் வழியாக எழுத்தில் கேளுங்கள், பதிலைக் கோப்புறையில் போடுங்கள்.

குறை இருந்தால் சங்கத்தின் சட்டப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் முதலில் கேட்பது ஒப்பந்தத்தின் பிரதி, ஒப்படைத்த தேதி, சம்பளச் சீட்டு. பெயரைச் சொல்லாமலே விசாரிக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். முடிகிறவரை அப்படியே பார்க்கிறோம் என்றார்கள், அப்படியே செய்தார்கள்.